பீரோ வெளியே வராத இடம்

“முட்டுது, முட்டுது! இழுக்காதீங்கய்யா!”

உள்ளேயிருந்து பீரோக்காரர் போட்ட சத்தத்தில், வெளியே நின்று இழுத்துக்கொண்டிருந்த இரண்டு சுமைகூலிகளும் கையை எடுத்துவிட்டார்கள். புது பெயிண்ட் மினுமினுக்க, பீரோ வாசல்படியில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் நெற்றிக்கு நேரே, பட்டறை வாசலின் நட்டநடுவில், ஓர் இரும்புக் கம்பம்.

காலையில் பட்டறையைத் திறந்தபோது அந்தக் கம்பம் அங்கே இல்லை. பெயிண்டில் தூசி விழக் கூடாதென்று பீரோக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே மெஷினில் ஏதோ தீட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் வெளியே பள்ளம் தோண்டியது கேட்கவில்லை. ஷட்டரைத் தூக்கினவர் பீரோவின் பின்னால் நின்று தள்ளினாரே தவிர, முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

“நீங்க பாத்தீங்கல்ல? சொல்லக் கூடாதா?” என்று கூலிக்காரர்களிடம் எரிந்து விழுந்தார்.

“பாத்தோம்ணே. எப்பவும் இருக்கிற கம்பம்னு நெனச்சோம்.”

“வாசலுக்கு நடுவுல எவனாவது எப்பவும் கம்பம் வெச்சிருப்பானா?”

“நல்ல வேலைப்பாடா இருந்துச்சுண்ணே. நீங்களே செஞ்சதுன்னு நெனச்சோம்.”

வேலைப்பாடு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆள் உயரத்துக்கு மேலே போய், உச்சியில் முட்டை வடிவத்தில் ஒரு நீலப் பலகை. அதில் வெள்ளை எழுத்தில், ‘வரலாற்றுச் சிறப்புமிக்க இவ்விடத்தில்’ என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். மீதிப் பலகை காலி.

கம்பம் நட்ட ஆள் தெருமுனையில் கை கழுவிக்கொண்டிருந்தான். பீரோக்காரர் ஓடிப்போய்ப் பிடித்தார்.

“தம்பி, சிமெண்ட் காயறதுக்குள்ள கொஞ்சம் தள்ளி நட்டுடுப்பா.”

“அது எப்பவோ காஞ்சிடுச்சுங்க. பாலத்துக்கு வந்த சிமெண்ட். பாலத்துக்குப் போடல, இதுக்குப் போட்டுட்டோம். பாலம் விழுந்தாலும் இது விழாது.”

“அங்க என்ன நடந்துச்சுன்னு கம்பம் நட்டீங்க?”

“அது ஆபீஸ்ல கேளுங்க. நான் இரும்பு. வரலாறு வேற ஆளு.”

இப்போது நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்கு ஒரே வாசல். பின்பக்கம் முழுச் சுவர், ஒரு பக்கம் தையல்கடை, மறுபக்கம் மருந்துக்கடை. கம்பத்துக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், பீரோ போக முடியாது. பிரித்து எடுக்கலாம் என்றால், பீரோக்காரர் வேலையில் நட்டு, போல்ட்டு கிடையாது. முழுக்க வெல்டிங். ‘என் பீரோவை நானே நெனச்சாலும் பிரிக்க முடியாது’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமை இப்போது வாசலில் மாட்டிக்கொண்டது.

பீரோ யாருக்கு என்பதுதான் பெரிய தலைவலி. அவருடைய சொந்த அக்காவுக்கு. அக்கா வீடு அதே தெருவின் கடைசியில். ஊருக்கெல்லாம் பீரோ செய்தவர், அக்காவுக்கு மட்டும் ‘அடுத்தது உனக்குத்தான்’ என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியிருந்தார். அக்கா துணியெல்லாம் அட்டைப்பெட்டியில். போன வாரம் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: “இந்தத் தடவையும் வரலேன்னா, எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இருக்கான்கிறதையே மறந்துடறேன்.”

விஷயம் தெரிந்து மாடியிலிருந்து பீரோக்காரர் மனைவி இறங்கி வந்தாள். கம்பத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“இந்தத் தெருவுலேயே இரும்பை அறுக்கிற மெஷின் வெச்சிருக்கிற ஆம்பள நீங்க ஒருத்தர்தான். என்ன யோசிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?”

“கீழ எழுதியிருக்கிறதைப் படி.”

கம்பத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: ‘இக்கம்பத்திற்கு ஊறு விளைவிப்போர் வரலாற்றை அழித்தோராகக் கருதப்பட்டு உரிய நடவடிக்கைக்கு உள்ளாக்கப்படுவர்.’

“எந்த வரலாற்றை? மேல பலகை காலியால்ல இருக்கு?”

“அதான்டி பயமா இருக்கு. என்னத்தை அழிச்சேன்னே தெரியாம உள்ள போயிடுவேன்.”

அன்றைக்கே நினைவுக் கம்பத் துறை அலுவலகத்துக்குப் போனார். அந்த அலுவலக வாசலில் கம்பம் எதுவும் இல்லை. அங்கே எதுவும் நடப்பதில்லை.

உள்ளே அலுவலர் சாந்தமான மனிதர். கோபமே வராது. எதிரில் இருப்பவருக்குத்தான் வரும்.

“உட்காருங்க. உங்க கம்பத்துல என்ன குறை?”

“அது என் கம்பம் இல்ல சார். என் வாசல்ல நிக்குது.”

“வாசல் உங்களுது, கம்பம் அரசாங்கத்தோடது, வரலாறு மக்களோடது. சொல்லுங்க.”

“என் வாசல்ல ஏன் சார் நட்டாங்க?”

“மண்ணு இளக்கமா இருந்திருக்கும். குழாய்க்குத் தோண்டி மூடினாங்கல்ல, அங்கதான் கம்பம் சுலபமா இறங்கும்.”

“சரி சார், அங்க என்ன நடந்துச்சு?”

“அது எழுத்துப் பிரிவு சொல்லணும். இது பொறியியல் பிரிவு. கம்பத்துக்கு நிதி வந்துடுச்சு, வரலாத்துக்கு இன்னும் வரல. வந்த நிதியை வருஷக் கடைசிக்குள்ள செலவழிக்கலேன்னா திரும்பிப் போயிடும். அதனால கம்பத்தை முதல்ல நட்டுட்டோம். வரலாறு பின்னால வந்து சேந்துக்கும்.”

“ஆனா அங்க எதுவுமே நடக்கல சார்!”

அலுவலர் மெல்லச் சிரித்தார். “அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. நிரூபிச்சா கம்பத்தை எடுத்துடறோம். விதியிலேயே இடமிருக்கு.”

“என்னன்னு நிரூபிக்கணும்?”

“எதுவும் நடக்கலைன்னு.”

“எப்போதிலேருந்து?”

“பூமி உண்டானதிலேருந்து போதும். அதுக்கு முன்னாடி நம்ம துறைக்கு அதிகாரம் இல்ல.”

பீரோக்காரர் எழுந்துவிட்டார். அலுவலர் அன்பாகக் கையமர்த்தினார். “ஒரு மனு கொடுத்துட்டுப் போங்க. கம்பத்தால உங்களுக்கு என்ன கஷ்டம்னு ஒண்ணு விடாம எழுதுங்க. எவ்வளவு விவரமா எழுதறீங்களோ அவ்வளவு நல்லது.”

யாருக்கு நல்லது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உட்கார்ந்து பீரோவைப் பற்றியும் அக்காவைப் பற்றியும் உருகி உருகி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை அக்கா வந்தாள். கூடவே அட்டைப்பெட்டிகளும் வந்தன.

“பீரோ வீட்டுக்கு வராதுன்னா துணி பீரோவுக்கு வரட்டும். சாவியைக் குடு” என்றாள். தம்பி வாயைத் திறப்பதற்குள் துணிகளை மடித்து அடுக்கிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒருக்களித்து உள்ளே வந்து, அன்றைக்கு உடுத்த வேண்டியதை எடுத்துக்கொண்டு போவாள். துவைத்த ஈரத் துணியையும் இங்கேயே உலர்த்தட்டுமா என்று அவள் கேட்டதற்கு மட்டும் பீரோக்காரர் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

“உன் வெல்டிங் பொறி பட்டு என் துணி ஓட்டையாச்சுன்னா இருக்குடா உனக்கு.”

“கதவை மூடி வெச்சுடுக்கா.”

“மூடினா உள்ள பெயிண்ட் வாடை. எங்க போனாலும் என்மேல பட்டறை வாடை அடிக்குதுங்கறாங்க. சீக்கிரம் வெளிய கொண்டா.”

“கொண்டாந்துடறேன்கா. எப்படியும் உன் வீட்டுக்குக் கொண்டாந்துடறேன்.”

இதற்கு நடுவில் தெருவில் வேறொரு வியாதி பரவியது. பலகை காலியாக இருந்ததால், போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதை நிரப்ப ஆரம்பித்தார்கள். பெரிய புதையல் ஏதோ இருக்கிறது என்றார் ஒருவர். யாரோ தலைமறைவாக இருந்த இடம் என்றார் இன்னொருவர். வெளியூர்க்காரர்கள் கம்பத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால், ஒன்றும் எழுதாத பலகை முன்னால் நின்ற அளவுக்குக் கூட்டம், எழுதிய பலகை எதன் முன்னாலும் நின்றதில்லை.

பக்கத்துத் தையல்காரருக்குப் பொறுக்கவில்லை.

“உன் பட்டறை நேத்து வந்தது. நான் எத்தனை வருஷமா இங்க இருக்கேன்? எனக்கு வரலாறு இல்லையா?”

“இந்தாங்க, இதையே பிடுங்கிட்டுப் போங்க.”

“அரசாங்கக் கம்பம் எனக்கு எதுக்கு? நீதான் இரும்பு வேலை செய்யறியே, இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடு. என் கடையில ஒரு தளபதி கால்சட்டை தெச்சுக்கிட்டான்.”

“எந்தத் தளபதி?”

“பேரு சொல்லல. ஆனா நடையைப் பாத்தா தளபதிதான்.”

பீரோக்காரர் செய்து கொடுத்தார். என்ன செய்வார்? பீரோ செய்து அடுக்கினால் வெளியே போகாது. கம்பம் மட்டும்தான் அந்த இடுக்கில் போகும். பிழைப்பு ஓட வேண்டுமே.

தையல்காரர் வாசலில் கம்பம் நின்றதும், மருந்துக்கடைக்காரர் வந்தார். ‘கொள்ளைநோய்க் காலத்தில் இங்கே மருந்து தீர்ந்துபோயிற்று’ என்று அவர் போட்டுக்கொண்டார். அந்தத் தெருவில் எழுதப்பட்ட ஒரே உண்மை அதுதான். புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி ‘எங்கள் முதல் சண்டை நிகழ்ந்த இடம்’ என்று போட்டது. இரண்டாவது சண்டை, கம்பத்தை வீட்டுக்கு இடது பக்கம் வைப்பதா, வலது பக்கம் வைப்பதா என்று வந்தது. அதற்கும் ஒரு கம்பம் போட்டார்கள். ‘சௌக்கியமா’ என்று கேட்பது போய், ‘உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?’ என்று கேட்பது நாகரிகமாகிவிட்டது. ஒன்றும் நடக்காத வீட்டுக்காரர்கள் சாயங்காலத்தில் வெளியே வரவே கூச்சப்பட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவர், எதையாவது நடத்தியே தீருவது என்று, கூரையிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். அவருக்கு நல்ல கனமான கம்பமாகவே செய்து கொடுத்தார் பீரோக்காரர்.

பீரோக்காரர் மனைவி இப்போதெல்லாம் கட்டிங் மெஷினைப் பற்றிப் பேசுவதில்லை. “ராசியான கம்பம்ங்க” என்று அதைத் துடைத்து வைத்தாள்.

ஒருநாள் எழுத்துப் பிரிவிலிருந்து ஆய்வாளர் வந்தாள். சின்ன வயசு, பெரிய கண்ணாடி, தோளில் கனமான துணிப்பை.

“அண்ணே, இந்த இடத்துல யாராவது இறந்திருக்காங்களா?”

“இல்லம்மா.”

“பொறந்திருக்காங்களா?”

“வெல்டிங் பட்டறையில யாரும்மா வந்து பொறப்பாங்க?”

“பெரிய மனுஷங்க யாராவது இந்த வழியா போயிருக்காங்களா?”

“போயிருக்கலாம். யாரும் நின்னதில்ல.”

‘நிற்காமல் சென்றார்’ என்று அவள் எழுதிக்கொண்டாள். பீரோக்காரருக்கு மனசு லேசாகிவிட்டது. ஒன்றும் தேறாது, கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து அக்கா ஒருக்களித்து உள்ளே வந்தாள். பீரோவைத் திறந்தாள், ஒரு துணியை உதறிப் பார்த்தாள், “பொறி பட்டிருக்கு பாரு” என்று தம்பி தலையில் ஒரு குட்டு வைத்தாள், போய்விட்டாள்.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

“அண்ணே, இது தினமும் நடக்குதா?”

“ஆமாம்மா. குட்டு மட்டும் சில நாள் இருக்காது.”

“உங்க மனுவைப் படிச்சப்போ நான் நம்பல” என்றாள் அவள். “கண்ணால பாத்துட்டேன்.”

கொஞ்ச நாளில் பலகை நிரம்பியது. எழுத்துப் பிரிவின் வாசகம் இது: ‘வரலாற்றுச் சிறப்புமிக்க இவ்விடத்தில், பீரோ ஒன்று வெளிவர இயலாமற்போயிற்று. அதன் உரிமையாளரான பெண்மணி நாள்தோறும் நேரில் வந்து உடை எடுத்துச் சென்றார்.’

பீரோக்காரர் மூச்சிரைக்க ஓடினார், அலுவலரிடம்.

“சார், அந்தக் கம்பம் இருந்ததாலதான் பீரோ வெளிய வரல!”

“ஆமா. பொருத்தமான இடத்துலதான் நட்டிருக்கோம்.”

“கம்பம் இல்லாட்டி அங்க ஒண்ணுமே நடந்திருக்காது சார்!”

“அதனாலதானே கம்பத்தோட அவசியம். முதல்ல கம்பம், அப்புறம் வரலாறு. நாங்க அன்னிக்கே சொன்னோம்.” அலுவலர் ஒரு தாளை நகர்த்தினார். “இன்னொண்ணு. பீரோ இப்போ பாதுகாக்கப்பட்ட பொருள். அதை வெளிய கொண்டுவந்தா பலகையில இருக்கிறது பொய்யாயிடும். அரசாங்கம் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். உங்களுக்கு அது சம்மதமா?”

இப்படியொரு கேள்விக்குச் சம்மதம் என்று யார் சொல்வார்கள்? பீரோக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த போர்களும் இப்படித்தான் கம்பம் நட்ட பிறகு நடந்தனவோ என்று வழியெல்லாம் அவருக்கு ஒரு சந்தேகம்.

ஆனால் தெருவுக்குக் கொண்டாட்டம். தளபதியெல்லாம் பின்னால் போய்விட்டார். பீரோதான் இப்போது தெருவின் மானம். பீரோ பார்க்க வருகிறவர்கள் அப்படியே தையல்காரரிடம் ஒரு பட்டனாவது தைத்துக்கொண்டு போனார்கள். ‘பீரோ தெரு வீடு’ என்று வாடகை ஏறியது.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். துறைத் தலைவர் வந்து பலகையின் திரையை விலக்குவார். அதன் பிறகு, நடந்ததை நடந்தபடியே நடித்துக் காட்ட வேண்டும். பீரோக்காரர் பீரோவைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும், கம்பத்தில் முட்ட வேண்டும், வருத்தப்பட வேண்டும். விழாவுக்குப் பிறகு தினமும் காலையில் ஒரு காட்சி, மாலையில் ஒரு காட்சி. வழுக்கிக்கொண்டு வரட்டுமென்று பீரோவை ஒரு சக்கரப் பலகைமேல் ஏற்றிக் கொடுத்தது துறை.

ஒத்திகை அன்று படம் எடுப்பவர் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். கம்பம் நடுவில் நின்றால் பீரோவை மறைக்கிறது. பீரோ தெரிந்தால் தலைவர் மறைகிறார். அலுவலர் போன் செய்தார். என்ன ஆச்சரியம், பாலம் விழுந்தாலும் விழாத கம்பத்தைப் பொறியியல் பிரிவு அரை மணிக்குள் பிடுங்கி, வாசலுக்கு ஓரமாக நட்டுவிட்டது. படத்துக்காக என்றால் துறையில் எதுவும் நிற்காது.

பீரோக்காரர் காலியான வாசலைக் கையால் அளந்து பார்த்தார். “அப்போ வழி விட்டாச்சா சார்?”

“எங்க விட்டோம்?” அலுவலர் குனிந்து, கம்பம் இருந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். “கம்பம் இங்கதான் இருக்கு, கணக்குப்படி. வட்டத்தைத் தொட்டதும் முட்டின மாதிரி நின்னுடணும். எங்க, ஒரு தடவை செய்யுங்க.”

தள்ளினார். வட்டத்தில் நின்றார்.

“ஏமாற்றம் பத்தல. இன்னும் கொஞ்சம் உதட்டைப் பிதுக்குங்க.”

பிதுக்கினார்.

“அருமை. நாளைக்கு இதே மாதிரி.”

விழா நாளில் தெரு கொள்ளவில்லை. அக்கா முன்வரிசையில், பட்டறை வாடை அடிக்காத புதுத் துணியில் உட்கார்ந்திருந்தாள். மார்பில் ‘உரிமையாளர்’ என்று அட்டை. துறைத் தலைவர் திரையை விலக்கினார், கைதட்டினார்கள். ‘நமது முன்னோர் எத்தனையோ பீரோக்களை…’ என்று ஆரம்பித்துப் பேசிவிட்டு உட்கார்ந்தார். அலுவலர் கண்ணைக் காட்டினார்.

பீரோக்காரர் தள்ளினார். பீரோ படியிறங்கி வெயிலுக்கு வந்தது. அதைச் செய்த நாளிலிருந்து பட்டறை இருட்டிலும் பல்ப் வெளிச்சத்திலும்தான் பார்த்திருக்கிறார். இந்தப் பச்சை இப்படியொரு பச்சை என்று அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. அக்கா எடுத்துக் கொடுத்த நிறம். மூட்டுகள் ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. நல்ல பீரோ. ஒரு வீட்டுக்குள், சுவரோரமாக நிற்க வேண்டிய பீரோ.

சக்கரம் வட்டத்தைத் தொட்டது.

“நில்லுங்க” என்றார் அலுவலர், உதட்டை அசைக்காமல். “உதடு, உதடு.”

சக்கரம் வட்டத்தின்மேல் ஏறியது. சாக்பீஸ் கோடு சக்கரத்தில் ஒட்டிக்கொண்டது.

கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. இதுவும் நடிப்பு என்று கைதட்டினார்கள். பீரோ தையல்கடையைத் தாண்டியதும் கைதட்டல் நின்றது.

“யோவ், எங்கய்யா போற?” தையல்காரர் கத்தினார். “தெருவோட வரலாறு போகுதே! பிடிங்கய்யா!”

அலுவலர் பிடிக்க ஓடவில்லை. பாதுகாக்கப்பட்ட பொருளைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை. துறைத் தலைவர், இதற்கு எந்தப் பிரிவு பொறுப்பு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து, தம்முடைய கம்பத்திலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? யாருங்க இனிமே கம்பம் செய்யச் சொல்லுவா?” என்று மனைவி மாடியிலிருந்து கூவினாள். பீரோக்காரர் கம்பத்துக்குக் கம்பம் வளைந்து வளைந்து தள்ளிக்கொண்டே போனார்.

கடைசியில் ஓடி வந்து முன்னால் மறித்தவள் அக்காதான். மார்பு அட்டை முதுகுக்குப் போயிருந்தது.

“டேய், டேய், எங்கடா கொண்டு போற?”

“உன் வீட்டுக்குக்கா. சொன்னேன்ல.”

“யாருடா இப்ப கேட்டா? பலகையில என்னைப் பத்தி எழுதியிருக்காங்கடா! இது வீட்டுக்கு வந்துட்டா நான் யாரு? பீரோ வெச்சிருக்கிற இன்னொரு பொம்பள. அவ்வளவுதானே?”

“துணியை வீட்டுலேயே எடுத்துக்கலாம்கா.”

“எனக்குத் துணியே வேண்டாம்டா! திருப்பு. சொன்ன பேச்சைக் கேளு. அக்கா சொல்றேன், பட்டறைக்குத் திருப்பு.”

அவர் கொஞ்சம் இடது பக்கமாக ஒடித்து, அக்காவைச் சுற்றிக்கொண்டு தள்ளினார்.